எட்டாம் வேற்றுமை

லெபோ சூலியாவுக்குப் பின்னால், சந்தில்
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு இருபது காசு. கலர் என்றால் ஒரு வெள்ளி.
ஐந்தடியில் மாநகரசபைக்காரர்கள் கொடி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
மெர்டேக்காவுக்கு இன்னும் மூன்று வாரம்.

காலையில் முதல் ஆள் கவிநேசன், யூனிவர்சிட்டிப் பையன்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுத்தாள்,
நாற்பத்திரண்டாம் வருஷத்தது.
பழைய பேப்பர்காரனிடம் எட்டு வெள்ளிக்கு வாங்கினானாம்.
"கண்காட்சிக்கு அக்கா, பெரிசு பண்ணிக் கொடுங்க."
மங்கிப் போயிருந்தது. கறுப்பைக் கூட்டினேன்.
எழுத்தோடு சேர்ந்து
மடிப்பும் கறுத்தது, கரையான் அரித்த விளிம்பும் கறுத்தது,
யாரோ கட்டைவிரலால் அழுத்திய எண்ணெய்க்கறையும்.
நடுவில் இரண்டே சொல்:
வெள்ளையனே வெளியேறு.

பம்பாயில் எழுந்த குரல்.
அதை இங்கே அச்சடித்த வருஷம்
இந்தத் தீவின் வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயாயிற்று.
தெருமுனையில் நின்றவன் ஜப்பான்காரன்,
துப்பாக்கி நுனியில் கத்தி.
அவன் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொல்லவில்லை.
குறை சொல்ல நான் யார்,
சோற்றுக்குப் பதில் மரவள்ளி தின்றவர்கள் அவர்கள்.
எதிரே நின்றவனை விட்டுவிட்டு
எங்கோ இருந்தவனைப் போகச் சொன்னார்கள், தொண்டை கிழிய.
அதுவும் ஓர் ஒத்திகைதான் என்கிறான் கவிநேசன்.
இருக்கலாம்.

பதினோரு மணிக்கு ஜைனுல் ராவுத்தர் வந்தார்,
சட்டைப்பையில் நாலாய் மடித்த தாள்.
பின்னாலேயே பூக்கடை சிந்தாமணி, காப்பிக்கடை சியூ லான்,
கைப்பேசி பழுதுபார்க்கும் ஹஸ்ரி.
எல்லாம் ஒரே தாள், கடை எண் மட்டும் வேறு.
மூடியைத் தூக்கினால் கண்ணாடிமேல்
பையன் மறந்துவிட்டுப் போன துண்டுத்தாள்.
அதை ஓரமாக வைத்து, இதை வைத்தேன்:
இம்மாதம் முப்பத்தொன்றுக்குள் வெளியேறவும்.
கட்டடம் விடுதியாகிறது. பாரம்பரிய விடுதி.
சுவரில் எங்களைப் போன்றவர்களின் படம் மாட்டுவார்கள்,
தலைப்பாகையோடு, காப்பி விலைக்கு மேலே.

பள்ளியில் படித்தது:
எட்டாம் வேற்றுமைக்குத் தனி உருபு இல்லை,
கூப்பிடப்படுபவன் பெயரே திரிந்து நிற்கும்.
துண்டுத்தாளில் விளி இருக்கிறது.
நோட்டீஸில் வினை மட்டும்.
திருப்பிச் சொல்லலாம்தான், யாரை விளித்து?
கையெழுத்துப் போட்டவர் எங்கள் நிறம்.
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் மோர்ப்பந்தல் வைப்பவர்,
போன வருஷம் நானும் குடித்தேன்.
அவருக்கு மேலே ஒரு கம்பெனி,
அதற்கு மேலே சிங்கப்பூரில் ஒன்று,
அதற்கும் மேலே யாருடைய சேமநிதியோ.
ஒருவேளை நம்முடையதே என்கிறான் ஹஸ்ரி,
சிரிக்காமல்.

கடிதத்தை என் கணினியில் தட்டினோம்.
மலாயில் எழுத, மூன்று மொழியில் சண்டை போட்டுத் திருத்தினார்கள்.
"நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்."
இந்த ஒரு வரி மட்டும் தமிழிலேயே இருக்கட்டும் என்றார் ராவுத்தர்.
வீரமெல்லாம் ஒன்றுமில்லை.
போலீஸ் வருமா என்று சிந்தாமணி இரண்டு தடவை கேட்டாள்.
சியூ லானின் மகன் பட்டர்வொர்த்தில் கடை பார்த்துவிட்டான்,
எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை.
அந்த வருஷத்திலும் ஒருவன் இருந்திருப்பான்,
துண்டுத்தாளை வாங்கி, தலையாட்டி,
அதிலேயே நெத்திலி கட்டிக்கொண்டு போனவன்.

பத்துக் கடை, பத்துப் பிரதி என்றார்கள்.
பதினொன்று எடுத்தேன்.
என் நோட்டீஸ் மூன்று நாளாய்
டோனர் பெட்டிக்கு அடியில்.
ராவுத்தர் எச்சில் தொட்டு எண்ணினார்,
இன்னொரு முறை எண்ணினார்,
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் இரண்டு வெள்ளி இருபது காசு
மேசைமேல் வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

மதியம் கவிநேசன் வேர்த்து ஓடி வந்தான்.
"அக்கா, ஒரிஜினல் இங்கேயே இருக்கா?"